பெரியப்பாவை நனைத்தவன்

என்னோடு சேர்ந்து கிணற்றில் குதித்தவர்களில் இப்போது எத்தனை பேர் மிச்சம் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. பல் போனவர்கள், காது போனவர்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு குளிக்கப் போகிறவர்கள், யாராக இருந்தாலும் சரி, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அவருக்கு மெடல் கெடச்சுச்சு, ஒங்களுக்கு என்ன தாத்தா கெடச்சுச்சு?" என்று ஒரு பொடியன் கேட்டான். அன்றைக்கு முழுக்க நான் அவனோடு பேசவில்லை.

'அவர்' என்று அவன் சொன்னது என் பெரியப்பா மகனை. எனக்கு அண்ணன். நான் ஆடியில் பிறந்தவன், அவன் அதற்கு முந்தின தையில் பிறந்தவன். அந்த அரை வருஷத்துக்காக ஆயுள் முழுக்க அவனை அண்ணன் என்று கூப்பிட வேண்டியதாயிற்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் என் அம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்துவிடுவாள்.

அவன் பிறகு என்னவெல்லாம் ஆனான் என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சென்னைக்குப் போனான். தண்ணீரில் பாய்கிற போட்டியில் பள்ளிக்கூடத்துக்கு ஜெயித்துக் கொடுத்தான். அப்புறம் பம்பாய், கல்கத்தா. துள்ளுகிற பலகையிலிருந்து பாய்வது ஒரு போட்டியாம், பனை உயரத்து மேடையிலிருந்து பாய்வது இன்னொரு போட்டியாம், இரண்டிலும் இவன்தான் முதல் என்றார்கள். யுத்தம் வந்தது. பட்டாளத்துக்காரர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற உத்தியோகமும் அதோடு வந்தது. குளித்ததற்குச் சம்பளம் வாங்கியவன் கம்பம் பள்ளத்தாக்கிலேயே அவன் ஒருவன்தான்.

ஒரு தடவை பத்திரிகையில் அவன் படம் வந்தது. தலை கீழே, கால் மேலே, நடு ஆகாயத்தில். பெரியம்மா அந்தத் தாளைத் தலைகீழாகத் திருப்பி, மகன் நேராக நிற்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, "எம் புள்ள எளச்சுப் போனானே" என்று அழுதாள். முடிவெட்டுகிற கடையிலும் அப்படித் திருப்பித்தான் ஒட்டியிருந்தார்கள். நான் முடிவெட்ட உட்காருகிறபோதெல்லாம் எனக்கு எதிரே அவன் வானத்துக்கு ஏறிப் போய்க்கொண்டிருப்பான். கடையை மாற்றிக்கொண்டேன். புதுக் கடைக்காரன் என் காதைக் கொஞ்சம் வெட்டினான். பரவாயில்லை என்று அங்கேயே போய்க்கொண்டிருந்தேன்.

பொறாமை என்றால் பொறாமைதான். இந்த வயசில் மறைத்து என்ன ஆகப் போகிறது? ஆனால் மெடலுக்காகப் பொறாமை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மெடலை எவன் கேட்டான்? நான் எதற்காக வயிறெரிந்தேன் என்று தெரிய வேண்டுமானால், எங்கள் இருவருக்கும் மீசை அரும்பாத அந்த ஓர் ஆடி மாதத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கம்பம் ரோட்டில், உத்தமபாளையத்துக்கு இந்தப் பக்கம். பெரியப்பாவின் தோட்டத்தில் இருந்தது சதுரக் கிணறு. நாலு பக்கமும் கருங்கல் கட்டு. ஒரு பக்கம் கமலை. மாடுகள் சரிவில் இறங்கி நடக்க, தோல் கூனை தண்ணீரை மொண்டுகொண்டு மேலே வரும். ஆனியில் பெரியாற்றுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டுவிட்டால் ஆடிக்குள் கிணறு ஏறிவிடும். மேலே நின்று பார்த்தால் தண்ணீர் இரண்டு ஆள் பள்ளத்தில் கறுப்பாகக் கிடக்கும். கூனைத் தோலுக்குத் தடவிய எண்ணெயும் பாசியும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் மழையில் தோல்செருப்பு நனைந்தால் எனக்கு அந்தக் கிணற்று ஞாபகம்தான்.

எங்கள் இருவருக்கும் நீச்சல் பழக ஒரே சுரைக்குடுக்கை. முதுகில் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அண்ணன் சீக்கிரமே அதைக் கழற்றி எறிந்துவிட்டு மீன்குஞ்சு மாதிரி சுற்றினான். எனக்கு அடுத்த அறுவடை வரை குடுக்கை தேவைப்பட்டது. "ஏலே, ஒனக்குக் குடுக்கையோடதான் கல்யாணம்" என்று பெண்பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். அப்போதே ஆரம்பித்துவிட்டது எனக்கு.

ஆனால் குதிப்பதில் கதை வேறு. ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பெண்கள் எல்லாம் ஆற்றுக்குப் போவார்கள், ஆண்பிள்ளைகள் பெரியப்பா கிணற்றுக்கு வருவார்கள். அங்கே ஒரு போட்டி நடக்கும். எவன் குதித்தால் தண்ணீர் அதிக உயரம் எழும்புகிறதோ அவன் ஜெயித்தவன். அதை அளக்க ஒரு முறை இருந்தது. எதிர்ச்சுவரில் எந்தக் கல் வரை நனைந்ததோ அந்தக் கல்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு. பெரியப்பா தம் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு கொடுக்க, உள்படியில் நிற்கிற பண்ணையாள் கோடு போடுவார். அடுத்தவன் அதற்கு மேலே நனைத்தால் கோடு ஏறும். கடைசியில் எவன் கோடு மிஞ்சுகிறதோ அவனுக்குத் தேங்காயும் வெல்லமும்.

பெரியப்பா கிணற்று விளிம்பில் பதித்த வாய்க்கல்லிலேயே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் காலத்தில் அவர் குதித்தால் கிணற்று மேட்டில் நிற்கிறவர்கள் வேட்டியைப் பிழிய வேண்டியிருக்குமாம். அதற்குப் பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்த அவரை ஒருவனும் நனைத்ததில்லை. முதலில் நனைத்தவன் நான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, உருண்டு, முதுகால் தண்ணீரை ஓங்கி அறைவேன். முந்தின வருஷம் அப்படி அறைந்ததில் அவர் மீசை வரை நனைந்துவிட்டது. நான் ஏறி வந்ததும் தோளிலிருந்த துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினார். "எனக்குப் பொறக்க வேண்டிய புள்ளடா நீ" என்றார். பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

என் அப்பா மலைமேலே ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. மாதத்துக்கு ஒரு தரம் இறங்கி வருவார். ஏலக்காய் வாசனையோடு வந்து, இரண்டு ராத்திரி தூங்கிவிட்டு, மறுபடி ஏறிப் போய்விடுவார். அவர் என் தலையைத் துவட்டியதாக எனக்கு நினைவே இல்லை. ஆகவே பெரியப்பாவின் துண்டுதான் எனக்குத் துண்டு. சிவப்புக் கரை போட்ட கனத்த துண்டு, புகையிலை நாற்றம் அடிக்கும். அழுத்தித் துவட்டுவார், காது இரண்டும் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்காக நான் எங்கிருந்து வேண்டுமானாலும் குதித்திருப்பேன்.

அண்ணன் குதிப்பதே வேறு மாதிரி. கையைத் தலைக்கு மேலே நீட்டித் தலைகுப்புறப் பாய்வான். சத்தமே வராது. தண்ணீர் அவனை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எதிர்ச்சுவரில் அடிக்கல்கூட நனையாது. "என்னப்பா, புள்ள உள்ள போயிருச்சா, இல்ல இன்னும் மேலதான் நிக்கிதா?" என்று கேட்டு ஊரே சிரிக்கும். பெரியப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். "தவள குதிச்சாக்கூட நாலு சொட்டுத் தெறிக்கும்யா" என்பார்.

எல்லாரும் சிரிக்கும்போது எனக்குச் சிரிப்பு வராது. மேட்டிலிருந்து கால் எடுத்து, தண்ணீரைத் தொடுகிற வரைக்கும் உள்ள அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு ஒரே கோடாக நீளும். அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததுதான் கோளாறு. ஊர் முழுக்க என்னைப் புகழ்ந்துகொண்டிருக்க, நான் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியாக வந்தவனைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு டிரில் சார் வந்தார். உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அவர் பெரியப்பாவை மாமா என்பார், பெரியப்பா அவரை மாப்ளே என்பார். இரண்டு வீட்டுக்கும் அப்படி ஒரு பழக்கம். சின்ன வயசில் பம்பாய்க்கு ஓடிப்போய்க் கப்பல் வேலை பார்த்து, வெள்ளைக்காரர்கள் பலகையிலிருந்து பாய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, பிறகு சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் ஆனவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாய்வதற்கென்றே சில பையன்களைச் சேர்த்துச் சோறும் படிப்பும் கொடுத்தார்களாம். ஓர் இடம் காலி.

"நம்ம பக்கத்துப் பய ஒருத்தன கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன் மாமா" என்றார்.

பெரியப்பா என் தோளில் கை வைத்தார். "இந்தா நிக்கிறான் பாருங்க மாப்ளே, எந்தம்பி மகன். இவன் குதிச்சா நீங்க வேற வேட்டி கட்டணும்."

நான் குதித்தேன். அந்த வருஷம் மாதிரி நான் அதற்கு முன்னும் குதித்ததில்லை, பின்னும் குதித்ததில்லை. வாய்க்கல்லுக்கு அடுத்த கீழ்க்கல்லில் கோடு விழுந்தது. பெரியப்பாவுக்கு முகம் எல்லாம் தண்ணீர். டிரில் சாரின் வெள்ளைக் கால்சட்டை முழங்கால் வரை நனைந்தது. துண்டு என் தலைக்கு வந்தது. துண்டுக்குள்ளே இருந்தபடியே, சென்னைக்கு எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று யோசித்தேன்.

கடைசியாக அண்ணன் பாய்ந்தான். வழக்கம் போலச் சத்தமில்லை. வழக்கம் போலச் சிரித்தார்கள். டிரில் சார் மட்டும் எழுந்து கிணற்று ஓரத்துக்கு வந்து, அவன் தலை வெளியே வருகிற வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இன்னொரு தடவ பாயி" என்றார். பாய்ந்தான். மறுபடியும் பாயச் சொன்னார். அப்புறம் பெரியப்பா பக்கம் திரும்பி, "மாமா, நான் இவனத்தான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"சாருக்கு நம்ம ஊரு வெயிலு ஒத்துக்கல" என்று பின்னால் யாரோ முனகினார்கள்.

பெரியப்பா விளையாட்டு என்று நினைத்தார். "மாப்ளே, கடைசியா வந்தவன் அவன். ஒரு கல்லு நனையல."

"நனையக் கூடாது மாமா. தண்ணி தெறிக்காம உள்ள போகணும். அங்கன அதுக்குத்தான் மார்க்கு."

"தெறிக்காம உள்ள போறதுக்கு எதுக்குக் குதிக்கணும்? படியில எறங்கிப் போகலாம்ல."

ஊர் மொத்தமும் பெரியப்பா சொன்னதுதான் நியாயம் என்று தலையாட்டியது. அப்போது அது நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும்.

டிரில் சார் நல்ல மனுஷர். தாம் போட்டு வந்த லீவு முடிகிற வரைக்கும் இரண்டு பேருக்கும் சொல்லித் தருகிறேன் என்றார். பழனிசெட்டிபட்டி மரக்கடையிலிருந்து ஒரு நீளப் பலகை வந்தது. அதன் ஒரு முனையைக் கல்லால் அழுத்தி, மறுமுனையைக் கிணற்றுக்குள் நீட்டிவிட்டார். அதில் ஏறி நின்றால் பலகை தாழ்ந்து எழும்பும், வயிறு கூடவே போய் வரும்.

அண்ணன் அதில் ஏறின முதல் நாளே அது அவனுக்குப் பழகின மாடு மாதிரி ஆகிவிட்டது. ஒரு தடவை மிதிப்பான், பலகை அவனைத் தூக்கிப் போடும், ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போவான். டிரில் சார் வாயைத் திறக்க மாட்டார். பாராட்டினால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் கையை நீட்டித்தான் பாய்வேன். பாதி வழியில் முழங்கால் தானாக மடங்கிவிடும். மடங்காமல் பிடித்து வைத்தால் வயிறு அறைந்துகொள்ளும். தொப்புளைச் சுற்றிச் சிவந்து தடித்துவிட்டது. அம்மா விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, "எதுக்குடா இந்த வேல ஒனக்கு?" என்றாள். டிரில் சார் ஒரு நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ தண்ணியப் பாத்ததும் சண்டைக்குப் போற தம்பி" என்றார். அவன் மட்டும் என்ன செய்கிறான் என்று கேட்டேன். "அவன் விருந்தாளியாப் போறான்" என்றார். இப்படிச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

லீவு முடிகிற நேரம் வந்தது. பெரியப்பா மகனை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்.

"ஊர்ல என்னனு சொல்லுவேன் மாப்ளே? கடைசியா வந்தவனுக்கு மெட்ராஸ்ல எடம் கெடச்சிருக்குன்னா? எளக்காரமாப் பேசுவாக. எந்தம்பி மகனக் கூட்டிட்டுப் போங்க. அவனப் பழக்குங்க, பழகிக்குவான்."

டிரில் சார் இன்னும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். அப்புறம், "வெறுங்கையோட போறதுக்கு அவனையாச்சும் கூட்டிட்டுப் போறேன்" என்றார். 'அவனையாச்சும்' என்று அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியப்பா சொந்த மகனை விட்டுவிட்டு எனக்காகப் பேசினார். எனக்கு அதுதான் பெரிது. அன்றைக்கே அம்மா பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். மேல்மூடியில் ரோஜாப்பூப் போட்ட பெட்டி. உள்ளே ஏலக்காய் வாசனை.

பெரியம்மா அன்று சோறு வடிக்கவில்லை. "ஒரு புள்ளய வச்சுக்கிட்டு அடுத்த புள்ளைக்குப் பெட்டி கட்டுறீகளே" என்று பெரியப்பாவிடம் ஒரே அழுகை. பெரியப்பா அழுகைக்கு மட்டும் பயப்படுவார். விடிந்ததும் ஆள் விட்டு எங்கள் எல்லாரையும் கிணற்றுக்கு வரச் சொன்னார்.

வாய்க்கல்லில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி. தோளில் துண்டு. எதிர்ச்சுவரில் ஆடிப்பெருக்கன்று போட்ட என் கோடு இன்னும் அழியாமல் இருந்தது.

"ஒரே ஒரு தடவ" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். "இந்தக் கோட்டுக்கு மேல நனைச்சிரு. எங்கன வேணும்னாலும் போ, நான் கேக்கல. நனைக்கலன்னா இவன் போவான்." என்னைக் காட்டினார்.

எனக்குப் பயமே இல்லை. டிரில் சாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கமலை ஓரத்தில் நின்றார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடிக்கல்லைக்கூட நனைக்காதவன் என் கோட்டை எங்கே தொடுவான்?

அண்ணன் பலகைப் பக்கம் போகவில்லை. நான் எந்த இடத்திலிருந்து குதிப்பேனோ அந்த இடத்துக்கு வந்து நின்றான். என்னை ஒரு தரம் பார்த்தான். அப்புறம் எழும்பினான். நல்ல உயரம், என்னைவிட உயரம். முழங்காலைக் கட்டினான், உருண்டான், முதுகைக் கொடுத்தான். அது என் குதி. அப்படியே என் குதி.

சத்தத்தில் கமலை மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. தண்ணீர் சுவரோடு ஏறி, என் கோட்டைத் தாண்டி, வாய்க்கல்லைத் தாண்டி, பெரியப்பாவின் தலைக்கு மேலே போய் அவர்மேல் விழுந்தது. வெற்றிலைப் பெட்டி நிறைந்துவிட்டது. வெற்றிலை மிதந்தது, சுண்ணாம்பு கரைந்து வெள்ளையாக வழிந்தது. பெரியப்பா மீசையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் துடைக்கவில்லை.

அண்ணன் உள்படியில் ஏறி வந்தான். நான்தான் முதலில் அவனிடம் போனேன்.

"ஏண்ணே, இது வரும்னா இம்புட்டு நாளா ஏன் குதிக்கல? எல்லாரும் சிரிச்சாகளே."

"எனக்குப் பிடிக்கல" என்றான். மூக்கிலிருந்து தண்ணீரைச் சிந்தினான். "அதுல ஒண்ணும் இல்லடா."

திமிராகச் சொல்லவில்லை. திமிராகச் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். இட்லி பிடிக்காது என்று சொல்கிற மாதிரி சொன்னான். எனக்கு இருந்த ஒன்றே ஒன்று அது. அதில் ஒன்றும் இல்லையாம்.

பெரியப்பா எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துப் பிழிந்தார். அவ்வளவு தண்ணீர் அதிலிருந்து இறங்கும் என்று நான் நினைக்கவில்லை. பிழிந்து, உதறி, "இங்கன வாடா" என்றார்.

பழக்கத்தில் நான்தான் முன்னால் போய் நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, ஒன்றுமில்லை. கையால் என்னை மெதுவாக ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, மகனைப் பிடித்து இழுத்துத் துவட்ட ஆரம்பித்தார். அழுத்தி அழுத்தித் துவட்டினார். ஈரத் துண்டால் ஈரத் தலையைத் துவட்டி என்ன காய்ந்துவிடப் போகிறது? ஆனாலும் விடவில்லை. அண்ணனின் காது இரண்டும் சிவந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அதே ஈர வேட்டியோடு மகன் தோளில் கை போட்டுக்கொண்டு ஊருக்குள் போனார். வேறு வேட்டி கட்டச் சொல்லிப் பெரியம்மா கெஞ்சியும் கேட்கவில்லை. எதிரே வந்தவர்களிடமெல்லாம், "எம் மகன் நனைச்சுப்புட்டான்" என்று சொல்லிக்கொண்டே போனாராம். மறுநாள் அண்ணன் பஸ் ஏறினான். அவன் கையில் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டி. துடைத்து வைத்த பெட்டி சும்மா எதற்கு என்று அம்மாதான் கொடுத்தாள்.

அன்று அவர்கள் எல்லாரும் போன பிறகு நான் மட்டும் கிணற்று மேட்டில் நின்றேன். என் இடத்திலிருந்து குதித்தேன். நல்ல குதிதான், தண்ணீர் நன்றாகவே எழும்பியது. எதுவரை நனைந்தது என்று பார்த்தேன். சுவர் முழுக்க ஏற்கெனவே ஈரம், ஒன்றும் தெரியவில்லை. வாய்க்கல்லில் யாரும் இல்லை. ஏறி வந்து, கமலைச் சரிவில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, தலை காய்கிற வரைக்கும் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.